முதல் ரைபிள் எது? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கேள்வி பதில்

கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் .22 ரைபிளைத் தொட்டவன் நான். இன்று கிருஷ்ணகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சொல்லித் தருகிறேன். முதல் ரைபிள் வாங்க நினைப்பவர்கள் கேளுங்கள் என்று அறிவித்திருந்தேன். வந்த கேள்விகளில் பாதி வேட்டையைப் பற்றியவை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து: ஐயா, வேட்டைக்கு நான் புதியவன். முயல், காட்டுப்பன்றிக்கு ஏற்ற முதல் ரைபிள் எது?

அப்படி ஒரு ரைபிளை உங்களுக்கு நான் சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. சுட்டால் மட்டும் குற்றம் என்று நினைக்காதீர்கள். கண்ணி வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும், அதற்கு முயல்வதும் வேட்டைதான். உங்கள் ஊரை ஒட்டி இருப்பது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். குறி பார்த்து அடிக்கும் ஆசை இருந்தால் காகித இலக்கு இருக்கிறது. அதற்கு எவ்வளவு கேட்டாலும் சொல்கிறேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ரைபிள் சுடக் கற்க வேண்டும் என்கிறாள். எதை வாங்கித் தருவது?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உடனே வாங்காதீர்கள். முதலில் ஒரு பயிற்சிக்கூடத்தில் இரண்டு மாதம் அங்கிருக்கும் ரைபிளில் சுடட்டும். அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால் .177, அதாவது 4.5 மில்லிமீட்டர் குழல்துளை கொண்ட ஏர் ரைபிள் வாங்குங்கள். இந்த அளவுக்குள், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றலே ஏறத்தாழ 8 ஜூல்தான்.

கடையில் பெயரைப் பார்க்கும் முன் அளவைப் பாருங்கள். முழங்கையை மடக்கச் சொல்லி, ரைபிளின் அடிக்கட்டையை முழங்கையின் உள்மடிப்பில் வையுங்கள். விரல் நுனி விசையில், அதாவது டிரிக்கரில், இயல்பாகப் படிய வேண்டும். எட்டிப் பிடித்தால் கட்டை நீளம், உங்கள் மகளுக்கு ஆகாது. அடுத்தது எடை. போட்டியில் ஐந்தரை கிலோ வரை அனுமதி உண்டு என்பதற்காகப் பதின்மூன்று வயதுத் தோளில் அதை ஏற்றாதீர்கள். முதுகை வளைத்துத் தாங்கப் பழகிய பிள்ளைக்கு அந்த வளைவு எளிதில் போகாது.

பத்து மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு. பால்பாயிண்ட் பேனா வைத்த புள்ளி போல இருக்கும். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பொட்டைப் பார்த்துத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் நிற்பதும் இதன் முன்னால்தான். மகளிடம் சொல்லுங்கள்.

வீட்டில் சுடுவதாக இருந்தால் இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் எங்கே திரும்பினாலும் கிரானைட் பலகை கிடக்கும். தொடக்கத்தில் நானும் அப்படி ஒரு பலகையில்தான் இலக்கு அட்டையை ஒட்டினேன். மூன்றாவது ரவை, அதாவது ஈயக்குண்டு, கல்லில் பட்டுத் திரும்பி வந்து என் மூக்குக்கண்ணாடியைக் கீறியது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். ஈயம் சட்டைப் பொத்தான் போலத் தட்டையாகி, இன்னும் சூடாக இருந்தது. கண்ணாடி இல்லாதிருந்தால் அந்தக் கண் போயிருக்கும். மரப்பெட்டியில் பழந்துணியை இறுக்கித் திணித்து வையுங்கள். சுட்டு முடித்ததும் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், ஈயம் நஞ்சு.

ஓசூரிலிருந்து: வினாடிக்கு ஆயிரம் அடி வேகம் என்று ஒரு ஸ்பிரிங் ரைபிளை விற்கிறார்கள். எடுக்கலாமா அண்ணா?

அந்த எண்ணுக்காக எடுக்காதீர்கள் தம்பி. எடை குறைந்த ரவையைப் போட்டு அளந்தால் வேகம் கூடித் தெரியும். ஒலியின் வேகத்தை நெருங்கும் ரவை நிலைகுலையும், குறி சிதறும். போட்டி ரைபிளில் ரவை வினாடிக்குச் சுமார் 175 மீட்டரில்தான் போகிறது.

ஸ்பிரிங் ரைபிள் என்றால் பிடியைக் கற்றுக்கொள்ளுங்கள். விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது. ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் முன்னும் பின்னும் உலுக்கப்படுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் உலுக்கல் மாறும், ரவையும் இடம் மாறும். உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்திருப்பது போலத் தாங்குங்கள். ரவை போடாமல் சும்மா சுட்டுப் பார்க்கவும் கூடாது. காற்றுத் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் நேராக மோதி உள்ளே பழுதாகும். சுடும் முன் இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

பர்கூரிலிருந்து: காற்று நிரப்பும் பி.சி.பி. வகை நல்லதா?

நல்லது. ஆனால் காற்று நிரப்பப் பம்பும் வேண்டும், செலவு கூடும். இரண்டாவது ரைபிளாக வாங்குங்கள்.

அரூரிலிருந்து: பண்டிகைக்கு முயல் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஏர் ரைபிள் போதுமா?

மேலே பதில் சொல்லிவிட்டேன். வழக்கம் என்று சொல்லி வழக்கிலிருந்து தப்ப முடியாது.

அஞ்செட்டியிலிருந்து: காகிதத்தைச் சுடச் சொல்வது உங்களுக்கு எளிது. ஒரே இரவில் அரை ஏக்கர் கேழ்வரகைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது. தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியை எடுப்பதைத் தவிர எங்களுக்கு என்ன வழி?

உங்கள் கோபம் நியாயமானது அண்ணா. வழியைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் ஒருவர் எழுதியிருக்கிறார்.

தளியிலிருந்து: அவர் சொல்வதுதான் சரி. துப்பாக்கி இல்லாவிட்டால் வேலியில் கரண்டைக் கொடுக்க வேண்டியதுதான்.

ஐயா, இதை எழுதும்போது மாரண்டஅள்ளியை மறந்துவிட்டீர்களா? 2023 மார்ச்சில் திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றி நின்றன. வேலி போட்டவர் கைதானார். அந்தக் கம்பிக்கு யானை என்றும் தெரியாது, தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் தம்பி என்றும் தெரியாது.

மறுபடியும் அஞ்செட்டியிலிருந்து: மின்வேலியை நானும் ஏற்கவில்லை. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன்.

சொல்கிறேன். நாட்டுத் துப்பாக்கியின் குழல் அதற்கென்று செய்த எஃகு அல்ல. கிடைத்த குழாயில் கைக்கணக்கில் வெடிமருந்தைக் கெட்டிக்கிறார்கள். ஒரு நாள் பின்புறம் வெடிக்கும், அங்கே இருப்பது உங்கள் முகம். இருட்டில் சலசலப்பைக் கேட்டுச் சுடுகிறவன் பன்றியைச் சுடுவதில்லை, சத்தத்தைச் சுடுகிறான். அதன் பின்னால் யார் இருக்கிறார்கள்? உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

பன்றிக்கு வழி வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுட வனத்துறையினருக்கு அனுமதி உண்டு, நமக்கு இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். காட்டோரத்து நிலம் என்றால் இந்த ஆணை உங்களுக்கு உதவாது, அது உண்மையான குறைதான். சேதத்தை அன்றே படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். தனியாகப் போகாமல், சேதப்பட்ட பத்துப் பேரும் சேர்ந்து போங்கள்.

பாப்பாரப்பட்டியிலிருந்து: முயலுக்கு .22 சரியாக வருமா?

வேட்டை பற்றி இனி எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

ஊத்தங்கரையிலிருந்து: தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் எப்படி வாங்குவது?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். அது என் துறை அல்ல.

மறுபடியும் காவேரிப்பட்டினத்திலிருந்து: மொட்டை மாடியில் சுடலாமா ஐயா?

கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதானே இருக்கும்? தவறிப்போன ரவை சில நூறு மீட்டர் பறக்கும். பின்னால் ஆளுயரச் சுவர் இருந்தால், அதன் முன் துணிப்பெட்டியை வையுங்கள். சுவர் இல்லையென்றால் வீட்டுக்குள் நீளமான அறையைப் பாருங்கள். கதவைத் தாழிட்டு, அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று நீங்களே பார்த்த பிறகு மகள் ரவையைப் போடட்டும்.