‘எரோ’ போர்க்கப்பல்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் கொடிக்கப்பல் (தளபதி ஏறியிருக்கும் தலைமைக் கப்பல்) என்று எங்கும் படிக்கிறோம். இந்த ‘எரோ’ எப்படிப்பட்ட கப்பல்?

பதில்: பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு ‘வீரன்’ என்று பொருள். 1778-இல் பிரான்சின் துலோன் துறைமுகத்தில் கடலில் இறக்கினார்கள். 74 பீரங்கிகள். கீழ்த்தட்டில் 36 பவுண்டு பீரங்கிகள். ஒரு குண்டே 17 கிலோவுக்கு மேல். அந்தத் தட்டு தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால், கடல் கொந்தளித்தால் பீரங்கி நீட்டும் ஜன்னல்களை மூடியாக வேண்டும். அப்புறம் அந்தப் பெரிய பீரங்கிகளால் பயனில்லை.

கேள்வி: முதல் சண்டை இந்தியாவில்தானா அண்ணா?

பதில்: சுஃப்ரேன் ஏறிய பிறகு முதல் பெரிய சண்டை கேப் வெர்டே தீவுகளில், போர்ட்டோ பிராயாவில். 1781 ஏப்ரல் 16. டச்சுக்காரர்களின் நன்னம்பிக்கை முனையைப் பிடிக்கப் போன ஆங்கிலப் படை அங்கே நின்றிருந்தது. எரோ நேரே உள்ளே போய் நங்கூரம் போட்டுச் சுட்டது. துணைக்கு ஒழுங்காக வந்தது ‘அனிபால்’ மட்டும்தான். கடைசியில் நங்கூர வடத்தை வெட்டிவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனாலும் ஆங்கிலேயருக்கு முன்பே முனைக்குப் போய்ச் சேர்ந்து அதைக் காப்பாற்றிவிட்டார்கள்.

கேள்வி: நான் நாகப்பட்டினம். எங்கள் ஊர்ப் போரில் ஜெயித்தது யார்?

பதில்: 1782 ஜூலை 6. இரு பக்கமும் பதினொரு கப்பல்கள் மோதின. நடுவில் காற்று திடீரென்று திரும்பி இரண்டு வரிசைகளையும் கலைத்துவிட்டது. யாருடைய கப்பலும் பறிபோகவில்லை. ஆனால் ஹைதர் அலியோடு சேர்ந்து நாகப்பட்டினத்தைப் பிடிப்பதுதான் சுஃப்ரேனின் திட்டம், அது நடக்கவில்லை. அந்தக் கணக்கில் ஆங்கிலேய அட்மிரல் ஹ்யூஸுக்கே லாபம் என்பேன்.

கேள்வி: அடிபட்ட கப்பல்களை எங்கே பழுதுபார்த்தார்கள்? பாண்டிச்சேரி இருந்ததே?

பதில்: நல்ல கேள்வி. பாண்டிச்சேரி 1778-லேயே ஆங்கிலேயரிடம் போய்விட்டது. சுஃப்ரேனுக்குக் கிடைத்தது கடலூர். அங்கே பெரிய கப்பல் ஒதுங்கத் துறைமுகம் இல்லை. திறந்த கடலில்தான் நிற்க வேண்டும். பெரிய பாய்மரம் என்பது பல பைன் துண்டுகளைப் பொருத்தி இரும்பு வளையம் மாட்டிச் செய்வது. அந்த மரத்துக்கு இந்தக் கரையில் எங்கே போவது? நம் பனையும் தென்னையும் அதற்கு ஆகாது. அதனால் சிறிய கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கிப் பெரியவற்றில் நட்டார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி படை திரும்பக் கிளம்பிவிட்டது. மாத இறுதியில் திரிகோணமலை அவர்கள் கையில். எரோவின் கதையில் சண்டைகளைவிட இந்தச் சில வாரத் தச்சுவேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைச் செய்த தச்சர்களின் பெயர்களும் நம் பள்ளிப் புத்தகங்களில் வர வேண்டும்.

கேள்வி: எரோவின் கொடி விழுந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1782 செப்டம்பர் 3, திரிகோணமலைக்கு வெளியே. எரோ, ‘இல்லுஸ்த்ர்’, ‘அஜாக்ஸ்’ மூன்றும் நடுவில் தனியாக மாட்டிக்கொண்டன. எரோவின் பெரிய பாய்மரம் முறிந்தது, கொடியும் அதோடு போயிற்று. சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆங்கிலேயர் ஆரவாரம் செய்தார்கள். அப்போது பிரெஞ்சு அரசக் கொடி வெள்ளை. கப்பலைச் சுற்றிலும் வெள்ளைக் கொடிகளைக் கட்டச் சொல்லிக் கத்தினார் சுஃப்ரேன்! இருட்டும் வரை தாக்குப்பிடித்தார்கள். துறைமுகம் திரும்பும்போது ‘ஓரியான்’ தரைதட்டி வீணானது. அதன் பாய்மரங்கள் முறிந்த கப்பல்களுக்கு உதவின.

கேள்வி: 1783 கடலூர்ப் போரிலும் அவர் எரோவில்தானே இருந்தார்?

பதில்: இல்லை, ‘கிளியோபாத்ர்’ என்ற சிறிய கப்பலில். தளபதிகள் போர் வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று பிரான்சிலிருந்து உத்தரவு வந்திருந்தது. 1782-இல் மேற்கிந்தியத் தீவுகளில் அட்மிரல் தெ கிராஸ் தன் கொடிக்கப்பலோடு பிடிபட்டதன் விளைவு அது.

கேள்வி: இப்போது அந்தக் கப்பல் அருங்காட்சியகத்தில் இருக்கிறதா?

பதில்: இல்லை, அதுதான் வருத்தம். 1784-இல் துலோன் திரும்பியது. 1793 டிசம்பரில் ஆங்கிலேயர் துலோனை விட்டு ஓடும்போது அங்கிருந்த கப்பல்களுக்குத் தீ வைத்தார்கள். எரோ அப்போது கைதிகளை அடைத்து வைக்கும் கப்பல். உள்ளே இருந்த பிரெஞ்சுக் கைதிகள் முதலில் எதிர்க்கப் பார்த்தார்கள். பக்கத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சிதறியதும் மிரண்டு, கரையில் இறக்கிவிட்டால் போதும் என்றார்கள். ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி சிட்னி ஸ்மித்தின் ஆட்கள் அவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்த பிறகுதான் எரோவைக் கொளுத்தினார்கள்.