43 இன்ச் மானிட்டர் வாங்குனா கண் எரிச்சலும் கழுத்து வலியும் போயிடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயசு. வீட்ல இருந்தே அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறேன், நாள் பூரா எக்செல்தான். 15 இன்ச் லேப்டாப். சாயங்காலம் ஆனா கண்ணு எரியுது, நெத்தி வலிக்குது, பின்கழுத்து இறுகி பிடிச்சுக்குது. ரெண்டு வருஷமா ப்ரொக்ரெசிவ் கண்ணாடி போடுறேன். 43 இன்ச் 4கே மானிட்டர் வாங்குனா எழுத்து பெருசா தெரியும், கண்ணுக்கு நல்லதுன்னு நினைக்கிறேன். என் தம்பி அது வேணாம், 34 இன்ச் வளைஞ்ச மானிட்டர் வாங்குன்னு சொல்றான். டேபிள் ஆழம் 60 செ.மீ.தான். ப்ளூ லைட் ஃபில்டர் இருக்கறதா பாத்து வாங்கணுமா? எது வாங்கலாம்?

பதில்:

வணக்கம் சார். மானிட்டர் வாங்குங்க, அதுல ரெண்டாவது யோசனையே வேணாம். நாள் பூரா லேப்டாப்ப மட்டும் பாக்கறது கழுத்துக்கு ஆகாது, ஏன்னா ஸ்கிரீனும் கீபோர்டும் ஒண்ணா ஒட்டியிருக்கு, கைக்கு சரியான உயரத்துல வச்சா தலை குனியணும், கண்ணுக்கு சரியா தூக்கி வச்சா கைய தூக்கி டைப் அடிக்கணும். ஆனா 43 இன்ச் வேணாம். உங்க வயசுக்கும் உங்க கண்ணாடிக்கும் உங்க டேபிளுக்கும் மூணுத்துக்குமே அது ஒத்து வராது. தம்பி சொன்னது கிட்டத்தட்ட சரி.

முதல்ல எழுத்து பெருசா தெரியும்னு நீங்க நினைக்கறத பாத்துடுவோம், ஏன்னா எங்கிட்ட வர்ற நிறைய பேர் இதே கணக்குலதான் பெருசா வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க. 4கே, 1440பி, 1080பிங்கறதெல்லாம் ஸ்கிரீன்ல மொத்தம் எத்தனை பிக்சல், அதாவது குட்டிப் புள்ளி இருக்குன்னு சொல்ற அளவு, 4கேல அதிகம், 1080பில கம்மி. 43 இன்ச்ல 4கேன்னா ஒரு இன்ச்சுக்கு சுமார் 102 பிக்சல் வருது. 27 இன்ச்ல 1440பி வாங்குனா 109. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதாவது செட்டிங்ஸ்ல எதையும் மாத்தாம 100 சதவீதத்துல வச்சா 43லயும் எழுத்து அதே பொடி எழுத்துதான், கூடுதலா கிடைக்கறது எக்செல் நெடுவரிசையும் வரிசையும்தான். எழுத்து பெருசாகணும்னா ஸ்கேலிங்க, அதாவது எழுத்தையும் படத்தையும் பெருசாக்கற அந்த சதவீத செட்டிங்க ஏத்தணும், அத எந்த மானிட்டர்லயும் பண்ணலாம்.

அப்ப பெரிய ஸ்கிரீனால கண்ணுக்கு என்னதான் லாபம்னா, அத தள்ளி வைக்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஒரு பொருள் எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவுக்கு கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் உழைக்கணும். 33 செ.மீ.ல படிக்க 3 பவர் உழைப்பு, 50 செ.மீ.க்கு 2, 66 செ.மீ.க்கு ஒன்றரை, 1 மீட்டருக்கு 1 பவர் போதும். 40 வயசுக்கு மேல அந்த லென்ஸ் இறுகிப்போயி வளையற சக்தி கொறைஞ்சுகிட்டே வரும், அதான் வெள்ளெழுத்து, அதுக்குத்தான் உங்களுக்கு ப்ரொக்ரெசிவ் குடுத்திருக்காங்க. ஸ்கிரீன 50ல இருந்து 70 செ.மீ.க்கு தள்ளி, எழுத்த அதுக்கேத்த மாதிரி பெருசு பண்ணிட்டா கண்ணுக்கு நிஜமாவே சுமை கொறையும். தள்ள இடம் இல்லாத டேபிள்ல பெரிய ஸ்கிரீன வச்சா இந்த லாபம் அப்படியே போச்சு.

உங்க டேபிள் 60 செ.மீ. மானிட்டர் ஸ்டாண்டே பின்னாடி 20 செ.மீ. கிட்ட எடுத்துக்கும். கை வச்சு உக்காந்தா கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல 55, மிஞ்சிப்போனா 60 வரும். 43 இன்ச் மானிட்டரோட அகலம் 95 செ.மீ. அவ்வளவு கிட்ட உக்காந்து பாத்தா ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு 80 டிகிரி கிட்ட பார்வை போகணும். கண்ணு மட்டும் சவுகரியமா திரும்பறது பக்கத்துக்கு 15, 20 டிகிரிதான், அதுக்கு மேல தலை தானா திரும்பிடும். நாள் பூரா இடது ஓரத்துல இருக்கற பேர பாத்து வலது ஓரத்துல தொகைய போட்டுகிட்டு இருந்தா, இப்ப குனிஞ்சு வர்ற கழுத்து வலி அப்புறம் தலைய திருப்பித் திருப்பி வரும், வேற ஒண்ணும் மாறாது.

அகலத்த விட எனக்கு கவலை உயரம்தான். இதுதான் உங்க கேஸ்ல முக்கியமானது, கடைக்காரர் யாரும் இத சொல்ல மாட்டார். ப்ரொக்ரெசிவ் கண்ணாடில மேல் பாகம் தூரத்துக்கு, கீழ் பாகம் 40 செ.மீ.ல புக் படிக்க, நடுவுல ஒரு குறுகலான பட்டைதான் கம்ப்யூட்டர் தூரத்துக்கு. ஸ்கிரீன் உயரமா இருந்தா மேல் வரிய பாக்க நேரா பார்த்தீங்கன்னா தூரத்துக்கான பாகம் வழியா போகும், மங்கலா இருக்கும், உடனே நம்மள அறியாமலே தாடைய தூக்கி அந்த நடு பட்டை வழியா பாக்க ஆரம்பிச்சுடுவோம். தலையோட எடை நாலரை அஞ்சு கிலோ சார். அத பின்னாடி சாய்ச்சு எட்டு மணி நேரம் வச்சா பின்கழுத்து தசை என்ன ஆகும்.

இப்ப கணக்கு போடுங்க. உக்காந்த நிலைல டேபிள்ல இருந்து உங்க கண்ணு உயரம் சுமாரா 45ல இருந்து 50 செ.மீ. இருக்கும், ஒருத்தர் பிடிச்சா டேப் வச்சு அளந்துடலாம். மானிட்டரோட மேல் விளிம்பு அந்த உயரத்துல இல்லன்னா அதுக்கு கொஞ்சம் கீழ இருக்கணும், ப்ரொக்ரெசிவ் போடறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கீழ. 43 இன்ச்ல ஸ்கிரீன் மட்டுமே 53 செ.மீ. உயரம், ஸ்டாண்ட் 10 செ.மீ.ன்னு வச்சா மேல் விளிம்பு 63ல போயி நிக்கும். 32 இன்ச் 40 செ.மீ. உயரம், ஸ்டாண்ட நல்லா கீழ எறக்க முடிஞ்சாத்தான் ஓகே. 27 இன்ச் 34 செ.மீ.க்குள்ள முடிஞ்சுடும். தம்பி சொன்ன 34 இன்ச் அல்ட்ராவைடும், அதாவது அகலம் ரொம்ப அதிகமான மானிட்டரும், உயரம் கிட்டத்தட்ட அதே 34 செ.மீ.தான், அகலம் மட்டும் 80 செ.மீ. அதனாலதான் அவர் சொன்னது சரின்னு சொன்னேன், காரணம் வளைவு இல்ல, உயரம்.

வளைவு பத்தி கேட்டா, நேரான ஸ்கிரீன்ல நடுவ விட ஓரம் கொஞ்சம் தள்ளிப்போகும், வளைஞ்சா அது சமனாகும், ப்ரொக்ரெசிவ் பட்டை குறுகல்ங்கறதால சிலருக்கு அது பிடிக்குது. ஆனா எக்செல் கோடெல்லாம் லேசா வளைஞ்ச மாதிரி மொதல்ல தெரியும், அது பிடிக்காதவங்களும் இருக்காங்க. 1800ஆர்னு போட்டிருந்தா 1800 மி.மீ. ஆரம் உள்ள வட்டத்தோட வளைவு, 1000ஆர்னா ரொம்ப வளைஞ்சது, கணக்கு வேலைக்கு அது தேவையில்ல.

என்னை கேட்டா 27 இன்ச் 4கே, ஸ்கேலிங் 150 சதவீதம். இன்ச்சுக்கு 163 பிக்சல் வரும், எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், கிட்டப்போயி உத்துப் பாக்கற பழக்கம் தானா கொறையும். எக்செல்ல நெடுவரிசை நிறைய தெரியணும்னா 34 அல்ட்ராவைட், ஆனா அத 70 செ.மீ.க்கு தள்ள முடியணும். 27 இன்ச்ல 1080பி மட்டும் வாங்கிடாதீங்க, ஒரு பிக்சலே 0.31 மி.மீ. வந்துடும், 70 செ.மீ. தூரத்துல நல்ல பார்வை உள்ள கண்ணு 0.2 மி.மீ. வரைக்கும் பிரிச்சு பாக்கும், அப்ப எழுத்தோட ஓரம் சொரசொரன்னுதான் தெரியும். வீட்ல சும்மா இருக்கற டிவிய மாட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க, நிறைய டிவில கலர் தகவல சுருக்கி அனுப்பறதால சின்ன எழுத்தெல்லாம் நிழலடிச்ச மாதிரி இருக்கும், வேணாம்.

எதை வாங்குனாலும் ஏத்தி எறக்கற ஸ்டாண்ட் இருக்கணும், இல்லன்னா பின்னாடி திருகு மாட்ட வெசா 100க்கு 100ங்கற அளவுல நாலு ஓட்டை இருக்கான்னு பாத்து, டேபிள் விளிம்புல மாட்டற கை மாதிரியான ஆர்ம் போட்டுக்கங்க. 60 செ.மீ. டேபிளுக்கு ஆர்ம்தான் நல்ல வழி, ஸ்டாண்ட் பாதம் எடுத்துக்கற இடம் மிச்சமாகி ஸ்கிரீன் சுவத்து பக்கமா 10, 15 செ.மீ. பின்னாடி போகும். மேல் பக்கத்த லேசா பின்னாடி சாய்ச்சு வைங்க.

இன்னொண்ணு, மானிட்டருக்கு காசு எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி கண்ணாடிய பாருங்க. ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொல்றீங்க, உங்க வயசுல ரெண்டு வருஷத்துல பவர் மாறியிருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு, நெத்தி வலிக்கு பாதி காரணம் அங்கயே இருக்கலாம். டெஸ்ட்டுக்கு போகும்போது கண்ணுல இருந்து ஸ்கிரீன் வரப்போற தூரத்த டேப்ல அளந்து எழுதிட்டு போங்க, அந்த தூரத்துக்குன்னே தனியா ஒரு கம்ப்யூட்டர் கண்ணாடி வேணும்னு கேளுங்க, சிங்கிள் விஷனா, அதாவது லென்ஸ் முழுக்க ஒரே பவரா போட்டா முழு லென்ஸ் வழியாவும் ஸ்கிரீன் தெளிவா தெரியும், தாடைய தூக்கற வேலையே இல்ல. மேஜைல பேப்பரும் சேத்து பாக்கணும்னா ஆபீஸ் லென்ஸ்னு ஒண்ணு இருக்கு, அது கிட்டத்துக்கும் நடு தூரத்துக்கும் சேத்து வரும். ரெண்டையுமே போட்டுட்டு வண்டி ஓட்டக்கூடாது. சிலிண்டர் பவர், அதாவது கண்ணோட வளைவு எல்லா பக்கமும் ஒரே மாதிரி இல்லாததுக்கு போடற பவர், கால், அரைன்னு கொஞ்சம்தான இருக்குன்னு விட்டுடாதீங்க, நாள் பூரா நம்பர் பாக்கறவங்களுக்கு அந்த அரையே தலைவலி குடுக்கும். சுகர் இருந்து அது கட்டுப்பாட்ல இல்லன்னா மொதல்ல அத சரி பண்ணிட்டு டெஸ்ட்டுக்கு போங்க, சுகர் ஏறி எறங்கும்போது பவரும் கூட ஏறி எறங்கும், போட்ட கண்ணாடி வீணாகும்.

கண் எரிச்சல் தனி கதை. சாதாரணமா நிமிஷத்துக்கு 15ல இருந்து 20 தடவை கண்ண சிமிட்டுவோம், ஸ்கிரீன உத்துப் பாக்கும்போது அது 5, 7க்கு வந்துடுது, சிமிட்டறதும் பாதி சிமிட்டல்தான், கண்ணீர் காஞ்சுபோயி எரியுது. இதுலயும் உயரம் வருது பாருங்க, மேல பாக்கும்போது இமை அகலமா திறக்கும், கண்ணு சீக்கிரம் காயும், கீழ பாத்தா பாதி மூடியிருக்கும். ஃபேனோ ஏசியோ முகத்துல நேரா அடிக்கற மாதிரி உக்காராதீங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 6 மீட்டர் தள்ளி எதையாவது 20 செகண்ட் பாருங்க, அப்ப நாலஞ்சு தடவை இமைய முழுசா மூடி திறங்க. அதுக்கும் எரிஞ்சா கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் மாதிரி செயற்கை கண்ணீர் சொட்டு மருந்து போடலாம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போடற மாதிரி இருந்தா பிரிசர்வேட்டிவ், அதாவது மருந்து கெடாம இருக்க சேக்கற பொருள் இல்லாததா வாங்குங்க. சிவப்ப உடனே போக்கும்னு விக்கற சொட்டு மருந்தும், யாருக்கோ எழுதிக்குடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண்டிப்பா வேணாம், ஸ்டீராய்டு கண்ணு பிரஷர ஏத்தி விட்டுடும்.

ப்ளூ லைட் ஃபில்டருக்குன்னு ஒரு பைசா கூட அதிகம் குடுக்காதீங்க. ஸ்கிரீன்ல இருந்து வர்ற நீல வெளிச்சம் விழித்திரைய கெடுக்குதுன்னு ஆதாரம் இல்ல, ப்ளூ லைட் ஃபில்டர் கண்ணாடிகள் பத்தின ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்து, மருத்துவ ஆய்வுகள அலசற காக்ரேன் அமைப்பு 2023ல வெளியிட்ட அலசல் கூட கம்ப்யூட்டரால வர்ற கண் சோர்வுக்கு அதனால பெருசா பலன் இல்லன்னுதான் சொல்லுது. ஃப்ளிக்கர்-ஃப்ரீங்கறது வேற, அது இருந்தா நல்லது, சில மானிட்டர்ல பிரைட்னஸ கொறைக்க வெளிச்சத்தையே வேகமா அணைச்சு அணைச்சு போடுவாங்க, சிலருக்கு அதுலயே தலைவலி வரும். பளபளன்னு எதிரொளிக்காத மேட் ஸ்கிரீனா பாருங்க. ஜன்னல் உங்களுக்கு பக்கவாட்ல வரட்டும், முன்னாடியோ முதுகுக்கு பின்னாடியோ வேணாம். பிரைட்னஸுக்கு சுலபமான வழி, ஒரு வெள்ளை பேப்பர ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சு ரெண்டும் ஒரே மாதிரி தெரியற அளவுக்கு வைங்க. டார்க் மோட் உங்க இஷ்டம், சிலிண்டர் பவர் இருந்தா கறுப்புல வெள்ளை எழுத்து இன்னும் கலங்கலா தெரியும், அப்படி தெரிஞ்சா மாத்திடுங்க.

புது கண்ணாடியும் மானிட்டரும் வந்து மூணு நாலு வாரம் ஆகியும் நெத்தி வலி இருந்தா கண் பிரஷரையும் ரத்த பிரஷரையும் சேத்து பாக்கணும், 40 தாண்டினவங்க எப்படியும் கண் பிரஷர் பாத்துக்கணும். கழுத்து வலி கைக்கு எறங்கி விரல் மரத்துப்போனாலோ பிடிமானம் கொறைஞ்சாலோ அது எங்கிட்ட வர்ற விஷயம் இல்ல, எலும்பு டாக்டர்ட்டயோ நரம்பு டாக்டர்ட்டயோ காட்டுங்க. ஒரு கண்ணுல திடீர்னு மின்னல் மாதிரி அடிக்குது, கறுப்பு புள்ளி நிறைய மிதக்குது, ஓரத்துல இருந்து திரை எறங்கற மாதிரி இருக்கு, இல்ல கண்ணு பயங்கரமா வலிச்சு லைட்ட சுத்தி வானவில் வளையம் தெரியுதுன்னா மறுநாள் வரைக்கும் கூட தள்ளிப்போடாம அன்னைக்கே கண் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க.