தோட்டத்துக்காரர் பணம் கொடுத்தாரா?

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர். ஒன்பது வருட சர்வீஸ். பிடித்தம் போக 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 21,500. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், சம்பளம் 14,000. மகள் இரண்டாம் வகுப்பு. கிணற்று மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் ஒன்றை நானே செய்து, தெரிந்த மூன்று பேர் தோட்டத்தில் மாட்டியிருக்கிறேன். ஒன்பது மாதமாக ஓடுகிறது, மூவருக்கும் திருப்தி. கிரீஷ் மாத்ருபூதமும் ஜோஹோ வேலையை விட்டுத்தானே ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார்? நானும் விடலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், சூலூர்

பதில்: தம்பி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சம்பளம், தவணை, மகள் படிக்கும் வகுப்பு வரை எழுதியவர், அந்த மூன்று பேரும் ஸ்டார்ட்டருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை, அப்படித்தானே? ஓசியில் மாட்டினால் நானும் திருப்தி என்றுதான் சொல்வேன்.

கிரீஷ் 2010-ல் கிளம்பியபோது ஜோஹோவில் பல வருடம் புராடக்ட் பொறுப்பைப் பார்த்தவர். கூட வேலை பார்த்த ஷான் கிருஷ்ணசாமியும் சேர்ந்து போனார். அதோடு, அவர்கள் விற்றது சந்தா கட்டிப் பயன்படுத்தும் சாப்ட்வேர். உங்களுடையது பெட்டி. சாமான் வாங்கி, ஆள் வைத்துச் செய்து, அனுப்பிவிட்டு, காசுக்குக் காத்திருக்கும் தொழில்.

அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டுக் கோவை கணபதியில் இரண்டு லேத் போட்ட முதல் வருடம், பெரிய ஆர்டர் கொடுத்த ஒருவர் ‘பில் பாஸ் ஆயிருச்சு’ என்று சொல்லியே நாலு மாதம் ஓட்டினார். நம் ஊர்ப் பட்டறைகளில் சனிக்கிழமை சம்பளம். சாயங்காலம் ஐந்து பேரும் கைகழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வாசலில் நிற்பார்கள். வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்காரம்மாவின் செயின் இரண்டு தடவை அடகுக்குப் போய் வந்தது. மூன்றாம் தடவை போனது திரும்பவில்லை. அதை வீட்டில் இன்றுவரை பேசுவதில்லை.

சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருந்தால் புகாரும் கொடுக்கலாம். புகார் கொடுத்தவருக்கு, பணம் தராத டீலரிடமிருந்து அடுத்த ஆர்டர் வருமா என்று சட்டத்தில் எழுதவில்லை. ஜி.எஸ்.டி.யோ டீலருக்காகக் காத்திருக்காது. 9,000 ரூபாய்க்கு 40 பெட்டி கடனில் அனுப்பினால் 18 சதவீத வரி 64,800. சாமானுக்கு ஏற்கெனவே கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதமே கட்ட வேண்டும்.

அப்புறம் சர்வீஸ். ஸ்டார்ட்டரில் போட்ட சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தாலும் ‘மோட்டார் ஓடலைங்க’ என்று உங்களுக்குத்தான் போன் வரும். மும்முனை கரண்ட் ராத்திரி வந்தால், போனும் ராத்திரிதான். மூன்று தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். முப்பதுக்கு?

அதனால் ராஜினாமாவை இப்போது எழுத வேண்டாம். முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வடிவமைப்பது கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அதில் சிக்கல் இல்லையென்றால், முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு முழு விலைக்கு, ரொக்கத்துக்கு விற்றுப் பாருங்கள். சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஐந்து வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் மாதத்தை 26 நாளாக எடுத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலே வரும். ஏழு தவணைக்குச் சரி. அதைத் தொழிலில் போட்டுவிடாதீர்கள். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸும் வேலையோடு போய்விடும். விடுவதற்கு முன்பே வீட்டுக்குத் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டீர்களா? டீச்சரம்மா தன் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தாலும் தவணைக்கே 7,500 துண்டு விழுகிறது. அவர் அதைப் போட்டுப் பார்த்திருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று தோட்டத்துக்கும் போங்கள். ‘இதுக்கு விலை 9,000 ஆகுதுங்க, வெச்சுக்கறீங்களா, கழட்டிக்கட்டுங்களா?’ என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.