டெபியன் லினக்ஸ் 11-இலிருந்து 12-க்கு மாறும்போது விருப்பப் பேக்கேஜ்கள் (கட்டாயமில்லாத மென்பொருள் தொகுப்புகள்) காணாமல் போகுமா?

போகலாம். டெபியனில் ஒரு பேக்கேஜ் மற்றொன்றைக் கட்டாயமாகக் கேட்கலாம், பரிந்துரைக்கலாம், அல்லது யோசனையாக மட்டும் சொல்லலாம். கட்டாயமானது இல்லாவிட்டால் நிறுவலே நடக்காது. பரிந்துரை அப்படியல்ல: டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் வழக்கமாக அதையும் சேர்த்து நிறுவும், ஆனால் புதிய பதிப்பில் வேறு பேக்கேஜோடு மோதல் வந்தால் பிழை எதுவும் காட்டாமல் நீக்கிவிடக்கூடும். நீக்கப்போகும் பட்டியலில் அதன் பெயர் வரும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தாதீர்கள், தயவுசெய்து. முதலில் சிமுலேட் (ஒத்திகை) விருப்பத்தோடு ஃபுல்-அப்கிரேடை, அதாவது முழு மேம்படுத்தல் கட்டளையை, ஓட்டிப் பாருங்கள். எதுவும் மாறாது, பட்டியல் மட்டும் வரும்.

அப்புறம், தானாக வந்த பேக்கேஜ் உங்களுக்குத் தேவை என்றால் ஆப்ட்-மார்க் மேனுவல் கட்டளையால் குறித்துவிடுங்கள். தானாக வந்து இப்போது தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை அதைத் தொடாது. ஆனால் மோதலால் வரும் நீக்கத்தை இந்தக் குறி தடுக்காது.