கொரங்காட்டில் புல் அற்றுப்போனால் உழலாமா?

வணக்கம்ங்க. வெள்ளகோவில் பக்கம் ஆறு ஏக்கர் கொரங்காடு (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்), நாலு மாடு, முப்பது செம்மறி. கொழுக்கட்டைப் புல் அற்றுப்போய் மண் இறுகிவிட்டது, உழுது விதைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

உடனே உழ வேண்டாம். தூரை விலக்கிப் பாருங்கள். அடித்தண்டு காய்ந்து நொறுங்காமல் இருந்தால் மழைக்குத் துளிர்த்துவிடும். ஆறு ஏக்கருக்கு இத்தனை மாடும் ஆடும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதைவிடக் கேடு, வருடம் முழுக்க ஒரே காட்டில் திறந்துவிடுவது. துளிர்த்ததை மறுநாளே கடித்தால் வேர் எங்கே இறங்கும்?

காட்டை நாலாகத் தடுங்கள். உயிர்வேலிக்குக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு, அது வேர்பிடிக்கும்வரை கம்பி போதும். முதலில் மாடு, அப்புறம் ஆடு. ஆடு ஒட்டக் கடிக்கும். புல் நாலு விரலுக்கு வந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுங்கள். நாள்கணக்கு பார்க்காதீர்கள், முழங்கால் உயரம் வளர்ந்தபிறகே திரும்ப விடுங்கள். அதுவரை சோளத்தட்டு போட்டாக வேண்டும், வேறு வழியில்லை.

புல் இல்லாமல் சொட்டை விழுந்த இடத்தில் ராத்திரி ஆட்டுப்பட்டி போட்டு, அடைக்கும் படலை அடிக்கடி நகர்த்துங்கள். ஐப்பசி மழைக்கு முன் அங்கே மட்டும் லேசாகக் கீறி விதை தூவலாம். புது விதை சரியாக முளைக்காது. ஆறேழு மாதம் வைத்திருந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

வெள்வேல மரத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். கோடையில் அதன் நெற்றுதான் உங்கள் தீவனச் செலவைக் குறைக்கும்.