கடைசித் தவணை கட்டியாச்சு, கடிதம் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடனைக் கட்டி முடித்தவர்கள் எழுதியவை. கட்ட முடியாதவர்கள் எழுதுவதுதான் வழக்கம். கட்டி முடித்த பிறகும் நிம்மதி இல்லாமல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2019இல் லீசிங்கில் ஓட்டோ எடுத்தேன். 2020இல் கொரோனாச் சலுகை கிடைத்தது. 2022இல் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோலில் ஓடிய காலத்தில் தவணைகள் பிந்திவிட்டன. கம்பெனியோடு பேசிப் புது உடன்படிக்கை போட்டு, பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கடைசித் தவணை கட்டி நாலரை மாதம் ஆகிறது. வாகனப் புத்தகம் (பதிவுச் சான்றிதழ்), விடுவிப்புக் கடிதம், இரண்டாவது சாவி எதுவும் வரவில்லை. கிளையில் கேட்டால் "ஹெட் ஒபிஸில் இருந்து வரணும், அடுத்த கிழமை வாங்க" என்கிறார்கள். ஓட்டோவை வாங்க ஒருவர் காத்திருக்கிறார். (நோர்வூட்)

பதில்: தம்பி, ஒரு தவணை மூன்று நாள் பிந்தினால் உங்களுக்கு எத்தனை போன் வந்திருக்கும்? லயத்து வாசலுக்கே ஆள் வந்திருப்பார். பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் வட்டி போட்டிருப்பார்கள். இப்போது அவர்கள் நாலரை மாதம் பிந்தியிருக்கிறார்கள், கேட்பதற்கு ஆள் இல்லை. பல வருஷமாக எனக்கு இதில் ஆத்திரம். தவணையை எடுப்பதற்குக் கிளைக்கு அதிகாரம் இருக்கிறது, கடன் முடிந்தது என்று எழுதித் தருவதற்கு மட்டும் கொழும்பைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். கம்பியூட்டரில் உங்கள் கணக்கு பூச்சியமா இல்லையா என்பது அந்தக் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் தெரியும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கணக்குக் கூற்றைக் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். உங்களைப் போலச் சலுகைக் காலமும் புது உடன்படிக்கையும் உள்ள கணக்குகளில், தள்ளிப்போட்ட மாதங்களின் வட்டியோ தாமதக் கட்டணமோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உங்களிடம் சொல்லாமலே கோப்பைக் கிடப்பில் போட்டிருக்கலாம். கூற்றில் மீதி காட்டினால், அது எந்த மாதத்துக்குரியது, உடன்படிக்கையின் எந்த வரியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். மீதி பூச்சியம் என்றால் அன்றே ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். கடைசித் தவணை கட்டிய திகதி, ரசீது இலக்கம், புத்தகம், விடுவிப்புக் கடிதம், சாவி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். உங்கள் பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இரண்டு கிழமையில் பதில் இல்லாவிட்டால் அதே கடிதத்தைத் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மத்திய வங்கி. நிதி நுகர்வோருக்கென்றே அங்கே 2020இல் ஒரு திணைக்களம் தொடங்கினார்கள், 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், காசு கேட்கமாட்டார்கள். ஆனால் நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியை எல்லா இடத்திலும் கேட்பார்கள். முத்திரை வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது, நான் தவறவிட்டது அதைத்தான். 2011இல் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். விற்றவர் லீசிங் முடிந்த கடிதத்தை ஒழுங்காகத் தந்தார். நான் அதைக் கோப்பில் வைத்துவிட்டு ஐந்து வருஷம் ஓட்டினேன். விற்கப்போனபோது, பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இன்னும் அந்தக் கம்பெனியின் பெயர். அதற்குள் கம்பெனியை வேறொன்றோடு இணைத்துவிட்டார்கள். பழைய கடிதத்தைப் புதியவர்கள் உறுதிப்படுத்துவதற்குள் 14 மாதம் ஓடிவிட்டது. வாங்க வந்தவர் போய்விட்டார். கடைசியில் கிடைத்த விலைக்குக் கொடுத்தேன். அந்த நட்டம் இன்றும் உறுத்துகிறது. ஆகவே கடிதம் வந்த கிழமையே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்துக் கம்பெனியின் பெயரை நீக்குங்கள். காப்புறுதிப் பத்திரத்திலும் கம்பெனியின் பெயர் இருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

வாங்கக் காத்திருப்பவரிடம் முற்பணம் வாங்க வேண்டாம். உண்மையைச் சொல்லி ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள்.

கேள்வி: மச்சானின் கடனுக்கு நான் பிணை நின்றேன். அவர் கட்டி முடித்துவிட்டார். எனக்கும் தனியாகக் கடிதம் வேண்டுமா? (பதுளை)

பதில்: வேண்டும். உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு, பிணையிலிருந்து விடுவித்ததாக எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நான் கொழுந்து பறிப்பவள். பெண்கள் குழுவில் வாரக் கடன் எடுத்துக் கட்டி முடித்தேன். "ஒபிஸில் பதியணும்" என்று வாராவாரம் காசு சேர்க்க வரும் கலெக்டர் என் தவணை அட்டையை வாங்கிப் போனார். இப்போது மூன்று வாரக் காசு பாக்கி என்கிறார். கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்களுக்குக் கடன் இல்லையாம். அவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார். தாள் சிங்களத்தில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது. (பொகவந்தலாவை)

பதில்: அக்கா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வாரப் பாக்கியை ஒப்புக்கொள்வதாகவோ, புதுக் கடன் எடுப்பதாகவோ அதில் எழுதியிருக்கலாம். தமிழில் கேட்பது உங்கள் உரிமை. யாரிடமும் அதற்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வாடிக்கையாளர் விரும்பும் மொழியைப் பற்றிப் பேசுகின்றன. "தமிழில் தாங்க, வாசித்துவிட்டுப் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அட்டையை அவர் கொண்டுபோனது உங்கள் பிழை அல்ல. அதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது அவர் கடமை. படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு கிளைக்கே போங்கள், கலெக்டர் மூலம் பேச வேண்டாம். உங்கள் பெயரில் உள்ள கணக்கை முதல் வாரத்திலிருந்து அச்சிட்டுக் கேளுங்கள். குழுக் கூட்டத்தில் நீங்கள் காசு கொடுத்ததைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். பேசாமல் இருந்தாலும், அவர்களில் இரண்டு பேராவது உங்களோடு வந்து சொன்னால் அதற்குப் பலம் உண்டு. நாளைக்கு இதே கலெக்டர் அவர்களுடைய அட்டையையும் கேட்பார் என்று சொல்லிக் கூப்பிடுங்கள். கிளையிலும் மறுத்தால் 1935க்குப் பேசுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்து மிரட்டினால் பொலிஸில் ஒரு பதிவு போடுங்கள். உங்களை இப்படி அலைய வைத்தது அநியாயம். எனக்குத் திரும்ப எழுதுங்கள், என்ன நடந்தது என்று நான் அறிய வேண்டும்.

மற்ற வாசகர்களும் தவணை கட்டிய ஒவ்வொரு முறையும் அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட தாள்களோடு மட்டும், ஒரு ஓட்டோ வாங்கினேன். லீசிங் முடிந்துவிட்டது என்று விற்றவர் சொன்னார். இப்போது கம்பெனிக்காரர்கள் வந்து வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். விற்றவரின் போன் வேலை செய்யவில்லை. (ஹட்டன்)

பதில்: பதிவுச் சான்றிதழைப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்கமாட்டீர்கள். லட்சக்கணக்கில் காசு கொடுக்கும் முன் வண்டி இலக்கத்தைக் கொண்டுபோய் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்க ஒரு நாள் போதும். இதே கடிதம் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது, நானும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். உடனே பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள், காசு கொடுத்ததற்கான ஆதாரத்தோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கம்பெனியோடு சண்டை பிடிக்க வேண்டாம், உங்களை ஏமாற்றியது விற்றவர்.

கேள்வி: நான் ஆசிரியை. கிரெடிட் காட் பாக்கியை வங்கியோடு பேசி, குறைத்த தொகைக்கு ஒப்புக்கொண்டு மாதாமாதம் கட்டி முடித்தேன். வீட்டுக் கடனுக்குப் போனால் "கிரிப்பில் பெயர் இருக்கு" என்கிறார்கள். 15,000 ரூபா கொடுத்தால் பெயரை அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். (பண்டாரவளை)

பதில்: அவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கிரிப் என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் இருக்கும், ஒழுங்காகக் கட்டுபவருடைய பெயரும்தான். கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பும் விவரத்தைப் பணியகம் பதிகிறது. பிழை இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டியது அந்த நிறுவனம். தெருவில் நிற்கும் ஆள் எதையும் அழிக்க முடியாது.

உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே எடுக்கலாம். அதில் அந்தக் காட் முடிந்ததாக இருக்கிறதா, இன்னும் பாக்கி காட்டுகிறதா என்று பாருங்கள். குறைத்த தொகைக்கு ஒத்துப்போனவர்களுக்கு வரும் சிக்கல் இது: நீங்கள் முடிந்தது என்று நினைக்கிறீர்கள், வங்கியின் கணக்கில் தள்ளுபடி செய்த மீதி கிடக்கிறது. "முழுமையாகத் தீர்க்கப்பட்டது, மீதி எதுவும் இல்லை" என்ற வாசகத்தோடு வங்கியிடம் கடிதம் வாங்கி, பதிவையும் அதன்படி திருத்தக் கேளுங்கள். திருத்திய பிறகு புது அறிக்கையோடு வீட்டுக் கடனுக்குப் போங்கள்.

கேள்வி: கடையை ஈடு வைத்து எடுத்த கடன் முடிந்தது. வங்கி காணி உறுதியைத் திருப்பித் தந்துவிட்டது. இனி வேலை ஒன்றும் இல்லையே? (நாவலப்பிட்டி)

பதில்: இருக்கிறது. உறுதி உங்கள் அலுமாரிக்கு வந்தாலும் காணிப் பதிவகத்தின் ஏட்டில் ஈடு அப்படியேதான் கிடக்கும். ஈட்டு விடுவிப்பை நொத்தாரிசு மூலம் எழுதிப் பதிய வேண்டும். பதிந்த பிறகு ஏட்டின் பிரதி ஒன்றை எடுத்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் வாங்கிய மின்சாரக் கேத்தல் பத்தாவது நாளே பழுது. பில்லும் உத்தரவாத அட்டையும் இருக்கின்றன. ஐந்து கிழமையாகக் கடைக்காரர் இழுத்தடிக்கிறார். (கந்தப்பளை)

பதில்: வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஐந்து கிழமை போய்விட்டது, இன்னும் காத்திருக்காதீர்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். பில்லை வைத்திருந்ததற்குப் பாராட்டு. நான் கண்டியில் வாங்கிய ஒரு ஹீட்டருக்குப் பில் கேட்காமல் வந்து, ஒரு குளிர்காலம்கூடப் பயன்படுத்தாமல் எறிந்தேன்.

கேள்வி: அம்மா அடகு வைத்த தாலிக்கொடி வங்கியில் இருக்கிறது. அம்மா போன மாதம் இறந்துவிட்டார். மீட்கக் காசு சேர்த்துவிட்டேன். சீட்டு அம்மாவின் பெயரில் இருக்கிறது. தருவார்களா? (மஸ்கெலியா)

பதில்: அம்மாவின் இழப்புக்கு என் அனுதாபம். மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அடகுச் சீட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு அதே கிளை முகாமையாளரைப் பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் கேட்கலாம், ஆகவே முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். தாள்கள் சேர நாள் எடுத்தால், அதுவரைக்கும் வட்டியை மட்டும் கட்டி ஏலத்துக்குப் போகாமல் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். சீட்டில் தவணை முடியும் திகதி இருக்கும். அது என்னவென்று நீங்கள் எழுதவில்லை. இன்றே எடுத்துப் பாருங்கள்.