வீட்டு நாய்க்கு ஏன் இந்தப் பதற்றம்?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. நானும் கணவரும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். சாயங்காலம் வந்து பார்த்தால் முன்கதவின் அடிப்பக்கம் பிறாண்டிக் கிடக்கிறது, தரையெல்லாம் எச்சில். அடித்தும் பார்த்தாயிற்று. விட்டுவிட்டுப் போகிறோம் என்ற கோபமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கோபமில்லை அம்மா, பயம். பல் பட்ட இடத்தைக் கவனியுங்கள். செருப்பு, தலையணை, சோபா என்று கண்டதையும் கடித்திருந்தால் அது பெரும்பாலும் பொழுதுபோகாத சேட்டை. நீங்கள் வெளியேறிய கதவையே குறிவைத்துப் பிறாண்டி, அங்கேயே எச்சில் வடித்திருந்தால் பிரிவுப் பதற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய செல்போனில் வீடியோவை ஓடவிட்டுக் கிளம்புங்கள். முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்: கதவுக்கும் ஜன்னலுக்குமாக அலையும், மூச்சிரைக்கும், ஊளையிடும், தட்டில் வைத்த கறிச்சோற்றைக்கூடத் தொடாது.

அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். காலையில் செய்ததற்குத்தான் மாலையில் அடி விழுகிறது என்று நாய்க்குப் புரியாது. காதை மடக்கித் தலைகுனிந்து நிற்பதைக் குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறோம். உங்கள் முகத்தைப் பார்த்து நடுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அடி தொடர்ந்தால், நீங்கள் போவதோடு வருவதும் அதற்குப் பயமாகிவிடும்.

சாவிக்கொத்தை எடுத்ததும் பதறுகிறதா? அங்கிருந்தே தொடங்குங்கள். சாவியை எடுங்கள், திரும்ப வையுங்கள், உட்காருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. சத்தம் கேட்டும் தலையைத் தூக்காமல் படுத்திருக்கும் அளவுக்குப் பழகட்டும். அடுத்து கதவைத் திறந்து மூடுங்கள். அதன்பின் வெளியே 5 விநாடி, 10 விநாடி, 30 விநாடி. ஏற்றிக்கொண்டே போகாமல் நடுநடுவே குறைத்தும் வாருங்கள். நாய் பதறும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். இரண்டு நிமிடம் பொறுத்ததே என்று நேராக ஒரு மணி நேரத்துக்குப் போய்விடுவார்கள், அத்தனை நாள் உழைப்பும் வீணாகும். பயிற்சி நடக்கும் வாரங்களில் வீட்டில் யாராவது இருக்க ஏற்பாடு செய்யுங்கள், இல்லையேல் நாயைப் பழகிய வீட்டில் விடுங்கள். கூண்டில் மட்டும் பூட்டாதீர்கள். கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

முற்றிய நிலையில் கால்நடை மருத்துவர் ஃப்ளுவாக்ஸெட்டின் அல்லது குளோமிப்ரமின் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதுவார். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பத்தே நாளில் ‘கேட்கவில்லை’ என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையோடு பயிற்சியும் நடக்க வேண்டும்.

கேள்வி: ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை மேளமும் வெடியும் கேட்டாலே எங்கள் சிப்பிப்பாறை கட்டிலுக்கடியில் புகுந்துவிடும். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்கிறார்களே?
– வாசகர், குகை, சேலம்

பதில்: தாராளமாகத் தடவிக்கொடுங்கள், அதனால் பயம் வளராது. கட்டிலடியிலிருந்து இழுத்து வெளியே விடாதீர்கள், அது தேடிக்கொண்ட பாதுகாப்பு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். வெளியே கூட்டிப்போவதை வெடிச்சத்தம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். மிரண்டு ஓடினால் சிப்பிப்பாறையை யாராலும் பிடிக்க முடியாது. கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும்.

மயக்கத்துக்கென்று அசிப்ரோமசின் மட்டும் கொடுப்பதுண்டு. உடம்பு துவண்டுவிடும், பயம் அப்படியே இருக்கும், சத்தம் இன்னும் உறைக்கவும் செய்யும். பயத்தைக் குறைக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. மருத்துவரிடம் அதைக் கேட்டே வாங்குங்கள். நமக்கு எழுதிய தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

அடுத்த ஆடிக்கு சித்திரையிலேயே தயாராகலாம். மேளச் சத்தத்தைப் போனில் பதிந்து, காது மட்டும் லேசாக அசையும் அளவுக்கு மெதுவாகப் போடுங்கள். சத்தம் வந்த பிறகே வேகவைத்த கோழித்துண்டு, சத்தம் நின்றதும் கறியும் நிற்க வேண்டும். முந்திக் கறியைக் காட்டினால், கறியைக் கண்டாலே வெடி வரும் என்று மிரளப் பழகிவிடும். ஐந்து நிமிடம் போதும். கறியை வாங்க மறுத்தால் சத்தம் அதிகம் என்று பொருள்.

இத்தனை வருடம் வெடிக்கு அசராத வயதான நாய் திடீரென்று மிரண்டால், முதலில் மூட்டுவலி இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், வலியும் இப்படி மிரள வைக்கலாம்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் எங்கள் நாய் எச்சில் ஒழுகி வாந்தி எடுக்கிறது. பயமா, தலைசுற்றலா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், தலைசுற்றல் வரக்கூடிய பாதைதான். நிற்கும் காரில் ஏற்றியதுமே உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, எச்சில் வடித்தால் பயமும் சேர்ந்திருக்கிறது. தலைசுற்றலுக்கு மருத்துவர் எழுதும் மாரோபிடன்ட்டைக் கிளம்ப 2 மணி நேரம் முன்பே கொடுத்தாக வேண்டும், அடிவாரத்தில் கொடுத்துப் பயனில்லை. பயத்துக்கு, சில நாள் நிற்கும் காரிலேயே சோறு வையுங்கள். அப்புறம் தெருமுனை வரை, பிறகு அடிவாரம் வரை ஓட்டிப் பாருங்கள். வளைவுகள் அதற்குப் பிறகு.